புகை கூறும் செய்தி

தை மாதத்து விடியற்காலை. உதகமண்டலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் பள்ளத்தாக்கெங்கும் உறைபனி வெண்துகில் விரித்தாற்போலப் படிந்து கிடந்தது. புல்லின் நுனியிலும் வேலிக் கம்பியிலும் பனி உறைந்து நின்றது. அவ்வூர் இளைஞன் ஒருவன் பொழுது புலர்வதற்குள் மேட்டுப்பாளையத்துக் காய்கறி மண்டிக்குச் சென்றாக வேண்டும். அவனிடம் இருந்தது பழைய மோட்டார் சைக்கிள். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் அது நின்றிருந்தது. கொட்டகைக்கும் வீட்டிற்கும் இடையே ஒரு கதவு உண்டு. அதற்கப்பால் அவன் தாயும் தங்கையும் உறங்கிக் கொண்டிருந்தனர்.

இளைஞன் பன்முறை உதைத்தான். எந்திரம் இருமியதேயன்றி எழவில்லை. சோக்கை இழுத்துவிட்டு மீண்டும் உதைத்தான். ஒரு முழக்கத்தோடு எந்திரம் எழுந்தது. கூடவே அடர்ந்த புகையும் எழுந்தது. அந்நேரம் குளிர்காற்று உள்ளே பாய்ந்தது. எந்திரம் விரைவில் சூடேறட்டும் என்று எண்ணிய அவன் கொட்டகையின் வெளிக்கதவைச் சாத்தப் போனான்.

அடுத்த வீட்டு முதியவர் அவ்வோசையைக் கேட்டு வந்தார். நெடுங்காலம் மோட்டார் மெக்கானிக்காக உழைத்து ஓய்ந்தவர் அவர். “தம்பி, கதவைச் சாத்தாதே! முதலில் வண்டியை வெளியே தள்ளு,” என்று உரத்த குரலில் கூறினார்.

“ஐயா, வெளியே குளிர் மிகுதியாயிற்றே. வண்டி நின்றுவிடுமே!” என்றான் இளைஞன்.

“வண்டி நின்றால் மறுபடியும் எழுப்பலாம். உள்ளே உறங்குகின்றவர்கள் எழாமற்போனால் யார் எழுப்புவது?” என்றார் முதியவர்.

இளைஞன் திகைத்தான். உயிர் போகும் அளவிற்கு அப்புகையில் என்ன இருக்கிறது? வெயிற்காலத்தில் ஒரே உதையில் எழும் எந்திரம் குளிர்காலையில் ஏன் அடம் பிடிக்கிறது? இவ்விரண்டு வினாக்களும் தனித்தனியானவை போலத் தோன்றும். ஆயினும் இரண்டிற்கும் விடை ஒன்றே. காற்றும் பெட்ரோலும் கலக்கும் அளவே அவ்விடை.

எந்திரத்தின் உணவு

நீராவி எந்திரத்தில் நெருப்பு வெளியே எரியும். நீராவி உள்ளே உழைக்கும். மோட்டார் சைக்கிளின் எந்திரமோ அத்தகையதன்று. எரிதலும் உழைத்தலும் ஒரே உருளைக்குள் நிகழ்தலின் இது உள்ளெரி எந்திரம் எனப்படும். ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த நிக்கோலஸ் ஓட்டோ என்பவர் 1876ஆம் ஆண்டில் நான்கு வீச்சு எந்திரத்தை வெற்றியுடன் இயக்கினார். காட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்னும் இருவர் அம்முறை எந்திரத்தைச் சிறியதாக்கி, 1885ஆம் ஆண்டில் மரச்சட்டத்தாலான இருசக்கர வண்டியொன்றிற் பொருத்தினர். இன்றைய மோட்டார் சைக்கிளுக்கு அதுவே மூதாதை எனலாம்.

நான்கு வீச்சுகளாவன: உறிஞ்சுதல், அழுத்துதல், எரிந்து உந்துதல், வெளியேற்றுதல் என்பன. முதல் வீச்சில் பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையை உறிஞ்சும். இரண்டாவதில் மேலே ஏறி அதனை நெருக்கும். அப்போது பிளக்கில் தீப்பொறி தோன்ற, கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளும். நான்காவதில் எரிந்து முடிந்த வாயுக்கள் சைலன்சர் வழியாக வெளியேறும். அவற்றையே நாம் புகை என்கிறோம். எனவே, புகை என்பது எந்திரம் உண்டு முடித்த உணவின் எச்சம். உணவு சரியாகச் செரித்ததா என்பதை அவ்வெச்சமே காட்டிவிடும்.

இவ்வுணவிற்கு ஓர் அளவு உண்டு. ஒரு கிராம் பெட்ரோல் முழுவதும் எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இதனைக் கன அளவிற் கூறினால் வியப்புத் தோன்றும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து முடிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று தேவை. ஆறரை அடி நீளமும் ஆறரை அடி அகலமும் ஏழரை அடி உயரமும் உள்ள ஓர் அறையில் அடங்கிய காற்று அத்தனையும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கே செலவாகிவிடும் என்க.

காற்றிற்கு ஏற்ற அளவினும் பெட்ரோல் மிகுந்திருப்பின் அது செறிந்த கலவை. குறைந்திருப்பின் அது மெலிந்த கலவை. செறிவு மிகுந்தால் பெட்ரோல் எரியக் காற்றுப் போதாது. மெலிவு மிகுந்தால் தீப்பொறி தோன்றினும் நெருப்புப் பரவாது.

இவ்வளவை அமைத்துத் தருவது கார்புரேட்டர். அதன் நடுவே இடை சிறுத்த குழாய் ஒன்று உண்டு. காற்று அவ்விடுக்கின் வழியே செல்லும்போது விரைவு மிகும். விரைவு மிகவே அவ்விடத்தில் அழுத்தம் குறையும். அடியிலுள்ள சிறு தொட்டியிலிருந்து நுண்துளை வழியே பெட்ரோல் மேலெழுந்து, காற்றோடு கலந்து துகளாகச் சிதறும். பெட்ரோலைத் தெளித்துக் கலக்கும் இம்முறையில் ஹங்கேரி நாட்டினரான டோனாட் பாங்கி, யானோஷ் சோன்கா என்னும் இருவர் 1893ஆம் ஆண்டில் ஒரு கருவியை அமைத்தனர். மேற்கூறிய மேபாக்கும் அதே காலத்தில் அத்தகைய கருவியைச் செய்தார்.

குளிர் விளைக்கும் தடை

அளவு இவ்வாறு அமைந்திருந்தும் குளிர்காலையில் எந்திரம் எழ மறுப்பதேன்? பெட்ரோல் நீர்மமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவியே எரிகிறது. இவ்வுண்மையை மனத்திற்கொண்டால் மற்றவை எல்லாம் எளிதில் விளங்கும்.

பெட்ரோல் ஒரே பொருளன்று. பல நீர்மங்களின் தொகுதி அது. அவற்றுட் சில 35 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்கும். சில 200 டிகிரியை நெருங்கினாலன்றிக் கொதிக்கமாட்டா. தாய் அடுப்பு மூட்டும் முறையை நோக்குக. முதலிற் சுள்ளியை வைக்கிறாள். சுள்ளி பற்றிய பின் கட்டையை வைக்கிறாள். எடுத்த எடுப்பிற் கட்டை பற்றுவதில்லை. பெட்ரோலிலும் சுள்ளி போன்ற பகுதியும் உண்டு. கட்டை போன்ற பகுதியும் உண்டு. எந்திரம் சூடாயிருக்கும்போது இரண்டும் ஆவியாகின்றன. குளிர்ந்திருக்கும்போது சுள்ளிப் பகுதி மட்டுமே ஆவியாகும். ஏனையது துளியாகவே தங்கிவிடும்.

இரண்டாவது தடை உலோகத்தின் குளிர்ச்சி. சோறு கொதிக்கும் பானையின் மீது குளிர்ந்த மூடியை இட்டால் ஆவி அதன் அடியில் நீர்த்துளியாகப் படிகிறது. அங்ஙனமே, அரிதின் எழுந்த பெட்ரோல் ஆவியிலும் ஒரு பகுதி குளிர்ந்த குழாயின் சுவரிலும் உருளையின் சுவரிலும் பட்டு மீண்டும் நீர்மமாகிப் படிந்துவிடும்.

மூன்றாவது தடை ஆவியாதலே விளைக்கும் குளிர்ச்சி. மண்பானையில் ஊற்றிய நீர் குளிர்வது ஏன்? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. கார்புரேட்டரிலும் இதுவே நிகழ்கிறது. ஆவியாகும் பெட்ரோல் தன்னைச் சூழ்ந்த காற்றையும் உலோகத்தையும் மேலும் குளிரச் செய்கிறது. ஈரம் மிகுந்த குளிர்நாளில் கார்புரேட்டரின் தொண்டையிற் பனிக்கட்டியே படிவதும் உண்டு.

இவற்றோடு, குளிரில் எந்திர எண்ணெய் தடிப்புற்றுப் பிஸ்டனின் ஓட்டத்தைத் தளர்த்துகிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியுடையது. 30 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 0 டிகிரியில் இருக்கும் காற்று நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் அடர்த்தி மிக்கது. காற்று மிகவே அதற்கேற்பப் பெட்ரோலும் மிக வேண்டும். ஆனால் ஆவியாகும் பெட்ரோலோ குறைந்துவிடுகிறது. இங்ஙனம் கார்புரேட்டர் உரிய அளவு பெட்ரோலைத் தந்தும், உருளைக்குள் சேரும் கலவை மெலிந்துவிடுகிறது.

சோக்கின் பணி

இக்குறையைப் போக்க அமைந்ததே சோக். கார்புரேட்டருக்குள் நுழையும் காற்றின் வழியைத் தகடொன்றால் அடைப்பது ஒருவகை. காற்று தடைப்படவே உறிஞ்சும் விசை பெட்ரோலின் மேற் செல்லும். பெட்ரோல் மிகுதியாக எழும். தனியே ஒரு சிறு துளையைத் திறந்து பெட்ரோலைக் கூட்டுவது மற்றொரு வகை. மிகப் பழைய வண்டிகள் சிலவற்றில் கார்புரேட்டரின் மேல் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதனை அழுத்தினால் தொட்டியிலுள்ள மிதவை தாழும். பெட்ரோல் ததும்பி வழியும். முறை எதுவாயினும் நோக்கம் ஒன்றே; வழக்கமான அளவைப்போல் இரு மடங்கோ அதற்கும் மிகுதியோ பெட்ரோலைக் கொடுத்தல். அவ்வளவு கொடுத்தாலன்றி எரிவதற்குப் போதிய சுள்ளிப் பகுதி ஆவியாய்ச் சேராது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. கொடுத்தது மிகுதி, ஆவியாகி எரிந்தது சிறிதே. மிகுதியாகக் கொடுத்த பெட்ரோல் எங்கே போயிற்று? ஒரு பகுதி எரியாமல் ஆவியாகவும் துளியாகவும் சைலன்சர் வழியே வெளியேறுகிறது. குளிர்காலையில் எழுப்பிய வண்டியின் பின்னே பச்சைப் பெட்ரோலின் மணம் வீசுவது இதனாலேயே. மற்றொரு பகுதி அரைகுறையாக எரிந்து கரித்துகளாகவும் நஞ்சாகவும் மாறுகிறது. இன்னொரு பகுதி உருளைச் சுவரில் வழிந்து எண்ணெயோடு கலக்கிறது.

ஆதலின், சோக் என்பது நோயாளிக்கு ஊன்றுகோல் போன்றது. கால் தேறியதும் அதனைக் கீழே வைத்தல் வேண்டும். எந்திரம் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஓடித் தடையின்றி முழங்கத் தொடங்கியதும், சோக்கைப் படிப்படியாகத் தணித்து முற்றும் நீக்கிவிட வேண்டும். மறந்துவிட்டால் கேடு பல. பிளக்கின் முனையிற் கரி படிந்து தீப்பொறி குன்றும். வழியும் பெட்ரோல் உருளைச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். பிஸ்டன் வளையங்கள் தேயும். எண்ணெய் நீர்த்துப்போகும். பெட்ரோலும் வீணாகும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி எந்திரத்திற்கும் பொருந்துவதன்றோ?

எழாத வண்டியை ஆத்திரத்தோடு மேலும் மேலும் உதைப்போர் உளர். சோக் இழுத்தபடியே பன்முறை உதைத்தால் பெட்ரோல் பெருகிப் பிளக் நனைந்துவிடும். அந்நிலையிற் சோக்கை நீக்கி, ஆக்சிலரேட்டரை முழுதும் திருகிக்கொண்டு சில முறை உதைத்தால், காற்று மிகுதியாகச் சென்று தேங்கிய பெட்ரோலை வெளியேற்றும். அதற்கும் எழாவிடின், பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்தி மீண்டும் பூட்டுதல் வேண்டும். உதையின் வலிமையை விடப் பொறுமையே இங்குப் பயன்படும்.

புகையின் நிறங்கள்

மருத்துவர் நாடியைப் பிடித்து உடலின் நிலையை அறிவர். தேர்ந்த மெக்கானிக் புகையைக் கண்டு எந்திரத்தின் நிலையை அறிவார்.

குளிர்காலையில் மெல்லிய வெண்புகை தோன்றிச் சில அடி தொலைவிற்குள் மறைந்தால் அஞ்ச வேண்டுவதில்லை. அது புகையன்று, நீராவி. பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் தோன்றுகிறது. கோடையில் அது கண்ணுக்குப் புலனாகாது கலந்துவிடும். குளிரிலோ, வாயிலிருந்து வரும் மூச்சு வெண்மையாகத் தோன்றுவதுபோல அதுவும் தோன்றும். சைலன்சரின் நுனியில் நீர் சொட்டுவதும் இதனாலேயே. நாள்தோறும் மிகச் சிறு தொலைவே ஓட்டி நிறுத்தும் வண்டியில் இந்நீர் வெளியேறாது தேங்கிச் சைலன்சரை உள்ளிருந்தே துருப்பிடிக்கச் செய்யும்.

கரும்புகை செறிந்த கலவையின் அடையாளம். காற்றுப் போதாமையால் எரியாது எஞ்சிய கரித்துகளே அக்கருமை. சோக் இழுத்திருக்கும்போது சிறிது கரும்புகை வருவது இயல்பு. சோக்கை நீக்கிய பின்பும் அது நீடித்தால், காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருத்தல் வேண்டும். அல்லது கார்புரேட்டரின் அமைப்பிற் பிழை இருத்தல் வேண்டும்.

நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். இருவீச்சு எந்திரத்தில் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்ந்து எரிதலின் அஃது இயல்பு. நான்கு வீச்சு எந்திரத்திலோ, விடாது வரும் நீலப்புகை வளையங்களோ உருளையோ தேய்ந்துள்ளமையைத் தெரிவிக்கும்.

மெலிந்த கலவை புகையாற் பேசாது, ஒலியாற் பேசும். எந்திரம் கார்புரேட்டர் வழியே தும்முவதும், சைலன்சரில் வெடியோசை கேட்பதும், ஆக்சிலரேட்டரைத் திருகியவுடன் எந்திரம் தடுமாறுவதும் அதன் குறிகள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலும் உண்மை விளங்கும். அதன் முனை உலர்ந்த கரி படிந்திருந்தால் கலவை செறிவு, வெளுத்திருந்தால் மெலிவு, இளங்காவி நிறமாயிருந்தால் அளவு சரியென்று கொள்க.

நிறமில்லா நஞ்சு

இவ்வாறு நிறத்தாலும் மணத்தாலும் ஒலியாலும் தம்மை அறிவிக்கும் குறைகள் பல. ஆயினும், அவை எல்லாவற்றினும் கொடியதொன்று எவ்வித அறிவிப்புமின்றி வருகிறது. அதுவே கார்பன் மோனாக்சைடு. இதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

காற்றுப் போதிய அளவு இருந்தால் பெட்ரோலில் உள்ள கரி முழுவதும் எரிந்து கரியமில வாயுவாகும். காற்றுக் குறைந்தால் அது பாதியே எரிந்து கார்பன் மோனாக்சைடாக நின்றுவிடும். செறிந்த கலவையில் காற்றுக் குறைவு என்பது முன்னரே கூறப்பட்டது. எனவே, குளிர்காலையில் எந்திரத்தை எழுப்பும் அதே செறிந்த கலவைதான் இந்நஞ்சையும் மிகுதியாக ஈனுகிறது. சோக் இழுத்த வண்டியின் புகையில் நூற்றுக்குச் சில பங்கு இவ்வாயு இருத்தல் கூடும். மூச்சுக் காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தாலே சில நிமிடங்களில் உயிர் போய்விடும்.

இது கொல்லும் முறை வஞ்சகமானது. குருதியில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருள் பிராணவாயுவைச் சுமந்து உடலெங்கும் கொண்டு செல்கிறது. அப்பொருள் பிராணவாயுவைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேலான விருப்போடு கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்ளும். பற்றியதை எளிதில் விடாது. அதனால், மூச்சு இயங்கிக் கொண்டிருக்கும்போதே உடல் பிராணவாயுவின்றி வாடுகிறது. முதலில் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் தோன்றும். பின்னர் உறக்கம் போன்ற சோர்வு வரும். விழித்திருப்பவன் தலைவலியை உணர்ந்து வெளியேறலாம். உறங்குகின்றவனோ உறக்கத்திலேயே மாள்வான்.

மலைப்பகுதிகளில் குளிர் தாங்காது மூடிய அறையிற் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியோர் மறுநாள் எழாத செய்திகள் அவ்வப்போது வருவதுண்டு. அவர்களைக் கொன்றதும் இவ்வாயுவே. மூடிய கொட்டகையில் ஓடும் மோட்டார் சைக்கிளும் அத்தகைய கரியடுப்பேயாகும். இவ்வாறு மயங்கியவரைக் கண்டால் உடனே திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் செய்தி சொல்லி ஆம்புலன்சை வரவழைத்தல் வேண்டும். உதவச் செல்வோரும் கதவு பலகணிகளைத் திறந்துவிட்டு, எந்திரத்தை நிறுத்திவிட்டே உள்ளே நிற்றல் வேண்டும்.

மலையும் காற்றும்

உதகமண்டலம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அவ்வுயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆனால் கார்புரேட்டரின் துளையோ அதே அளவினது. ஆதலின், சமவெளிக்கு ஏற்ப அமைத்த வண்டி மலையேறும்போது அதன் கலவை தானே செறிகிறது, விசை குன்றுகிறது, கரும்புகை தோன்றுகிறது. மலையில் வாழ்வோர் கார்புரேட்டரிற் சிறிய துளையுடைய உறுப்பை மாற்றிக்கொள்வது இதனாலேயே.

இங்ஙனம் குளிர் கலவையை மெலியச் செய்ய, உயரம் அதனைச் செறியச் செய்கிறது. விடியலில் எழ மறுத்த வண்டி, எந்திரம் சூடேறிய பின் அதே மலையில் கரும்புகை கக்குவது முரண்பாடன்று. ஒன்று காலத்தின் விளைவு. மற்றொன்று இடத்தின் விளைவு.

புதுமுறை வண்டிகள்

1955ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூரில் அமைந்த தொழிற்சாலையில் உருவான புல்லட் வண்டிகள் பனிமலை எல்லைகளிற் காவல் புரிந்த படையினருக்கும் பயன்பட்டன. அவ்வண்டிகளை ஓட்டியோர் சோக்கின் நுட்பத்தைக் கையாலும் காதாலுமே கற்றனர்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் வந்த மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றிற் கார்புரேட்டர் இல்லை. எந்திரத்தின் வெப்பத்தையும் காற்றின் அளவையும் உணர்கருவிகள் அறிவிக்க, மின்னணுக் கருவி பெட்ரோலை அளந்து தெளிக்கிறது. குளிரில் மிகுதியாகவும், சூடேற ஏறக் குறைவாகவும் அதுவே கொடுக்கிறது. ஓட்டுநன் சோக்கை இழுக்க வேண்டுவதில்லை, தள்ள மறப்பதுமில்லை.

இவ்வண்டிகளின் சைலன்சரில் வினையூக்கி மாற்றி என்னும் உறுப்பு உண்டு. அது கார்பன் மோனாக்சைடைக் கரியமில வாயுவாகவும், எரியாத பெட்ரோல் ஆவியை நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். ஆயினும், ஏறத்தாழ 250 டிகிரி முதல் 300 டிகிரி வரை சூடேறினாலன்றி அது நன்கு தொழிற்படாது. ஆகவே, குளிர்ந்த வண்டியை எழுப்பிய முதற் சில நிமிடங்களில், கலவை செறிந்திருக்க, காவலனோ உறக்கத்தில் இருக்கிறான். புதிய வண்டியாயினும் அந்நேரத்துப் புகை நஞ்சுடையதே என்பதை மறத்தலாகாது.

எரிபொருளும் மாறி வருகிறது. இந்தியாவிற் பெட்ரோலோடு எத்தனாலைக் கலக்கும் அளவு 2025ஆம் ஆண்டில் நூற்றுக்கு 20 பங்கை எட்டியது. எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிப்பது; ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கவர்வது. அடுப்பில் வைத்த விறகில் ஒரு பங்கு சற்று ஈர விறகாயிருப்பதை அது ஒக்கும். குளிர்காலைத் தொடக்கத்திற்கு முன்னினும் கவனம் வேண்டுமென்பதே இதன் பொருள்.

இளைஞன் கற்ற பாடம்

முதியவர் சொற்படி இளைஞன் வண்டியை வாயிற்புறத்திற்குத் தள்ளினான். சைலன்சரின் வாய் வீட்டை நோக்காதபடி திருப்பி நிறுத்தினான். கொட்டகையின் இரு கதவுகளையும் திறந்துவைத்தான். உள்ளே தேங்கியிருந்த புகை மெல்ல வெளியேறிப் பனியோடு கலந்து மறைந்தது. அவன் உள்ளே சென்று தாயை எழுப்பினான். “ஏனப்பா, இன்னும் புறப்படவில்லையா?” என்று கேட்டுக்கொண்டே அவள் எழுந்தாள். அவ்வினா அவன் காதிற்கு அன்றுபோல் என்றும் இனித்ததில்லை.

வெளியே வந்த அவனிடம் முதியவர், “இப்போது சோக்கைச் சிறிது தணி, எந்திரத்தின் குரலைக் கேள். தடுமாறினால் சற்றுப் பொறு. தடுமாறாவிடின் முற்றும் நீக்கிவிடு. நெடுநேரம் நின்றபடி ஓட விடாதே. நிற்கும் எந்திரம் மெல்லத்தான் சூடேறும். முதல் இரண்டு கல் தொலைவு விரையாமல் மென்மையாக ஓட்டு. எண்ணெய் எல்லா இடமும் சென்று சேரட்டும்,” என்றார். இளைஞன் அவ்வாறே செய்தான். சிறிது நேரத்தில் சைலன்சரில் வெண்ணிற ஆவி மட்டுமே எஞ்சி நின்றது. அதுவும் மெல்ல மறைந்தது.

காலமறிதலுக்கும் இடனறிதலுக்கும் வள்ளுவர் தனித்தனி அதிகாரம் வகுத்தார். அரசர்க்கு உரைத்த அவ்வறிவு எந்திரத்தை ஆள்வோர்க்கும் வேண்டுவதே. குளிர்ந்த எந்திரத்திற்கு மிகுதியாகக் கொடுத்தல் காலமறிதல். அது விளைக்கும் நஞ்சை வீட்டிற்குள் விடாது திறந்த வெளியிற் போக்குதல் இடனறிதல். இவ்விரண்டையும் அறிந்தவனுக்கே எந்திரம் ஏவல் செய்யும்.

பயிற்சி வினாக்கள்

1. குளிர்ந்த எந்திரத்திற்கு மிகுதியாகப் பெட்ரோல் கொடுத்தும், உருளைக்குள் சேரும் கலவை மெலிந்திருப்பது ஏன்?
2. சுள்ளி, மண்பானை, பானையின் மூடி ஆகிய உவமைகள் எவ்வெவ் உண்மைகளை விளக்குகின்றன?
3. வெண்புகை, கரும்புகை, நீலப்புகை ஆகியவை தெரிவிக்கும் செய்திகள் யாவை?
4. “வண்டி நின்றால் மறுபடியும் எழுப்பலாம்” – இக்கூற்றை யார், யாரிடம், எப்போது கூறினார்? அதன் உட்பொருள் யாது?
5. உங்கள் ஊரில் காலை வேளையில் புறப்படும் வண்டி ஒன்றின் புகையைத் தொலைவில் நின்று நோக்கி, நீங்கள் அறிந்தவற்றை ஒரு பத்தியில் எழுதுக.